கயிற்றை வெட்டியவன் லிவர்பூலில் இறங்கினான்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் பிரிவுக்கு லிவர்பூலிலிருந்து போன் வந்தது. துறைமுகத்துக் குடியேற்ற அதிகாரி பேசினார். பம்பாய்க் கப்பலில் வந்த ஓர் ஆளை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். இந்த நாட்டில் யாரைத் தெரியும் என்று கேட்டதற்கு அந்த ஆள் காசிம் என்று என் பெயரைச் சொன்னானாம்.

"பெயர் சுல்தான். ஊர் கடில்லோர். தெரியுமா?"

கடலூரைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.  அவர் இரண்டு முறை "ஹலோ" சொன்னார். நாளைக்கு நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சுல்தான் என் ஆயிஷா அக்காவின் புருஷன். என் அண்ணன் ஹமீது செத்தது அவனால். என் இடது காது கேட்காமல் போனது அவன் தம்பிகளால். இந்த மார்ச்சோடு நான் மான்செஸ்டருக்கு வந்து ஐந்து வருஷம் முடிகிறது. படிக்க வந்தேன் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் நான் வந்தது அவன் குடும்பத்துக்குப் பயந்து.

2

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாரும் 'கம்ப்யூட்டரில் நீ என்னதான் செய்கிறாய்' என்று கேட்கிறீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

ஒரு கூடம் நிறைய இரும்பு பீரோக்கள். அவற்றுக்குக் கட்டளை எழுத ஒரு மொழி. எல்லாருக்கும் அடிக்கடி தேவைப்படும் வேலைகளை ஒருவர் ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட்டால், மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். அப்படி எழுதிச் சேர்த்து வைப்பதை நூலகம் என்கிறார்கள். புத்தகம் கிடையாது, துளையிட்ட அட்டைகளும் நாடாச் சுருளும்தான். அந்த நூலகத்தில் சங்கிலிகள் என் பொறுப்பு.

சங்கிலி என்றால் கண்ணிகளின் வரிசை. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே விஷயம் இருக்கும். ஒன்று அது சுமக்கும் சரக்கு. மற்றது அடுத்த கண்ணி எங்கே இருக்கிறது என்ற விலாசம். கடைசிக் கண்ணியில் மட்டும் 'இதற்குமேல் ஒன்றுமில்லை' என்று ஒரு குறி. தலைக் கண்ணியைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொன்றாக நடந்து வால் வரை போய்விடலாம். வந்த வழியே திரும்ப முடியாது. எந்தக் கண்ணிக்கும் தனக்குப் பின்னால் வருவது யாரென்று தெரியும், முன்னால் போவது யாரென்று தெரியாது.

நான் சேர்ந்த முதல் வாரம் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வந்து, "உன் ஜாப்பைக் கொன்றுவிட்டேன்" என்றான். வேலை போய்விட்டது என்று நினைத்து மேஜையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த என் புரோகிராமை நிறுத்தினானாம், அவ்வளவுதான். இங்கே எல்லாம் கொலைப் பேச்சுத்தான். ஓடவிட்டால் தூக்கிலிடுவது என்ற சொல், நிறுத்தினால் கொல்வது என்ற சொல். சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

அந்த வாரமே ஒரு சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வால் தலையாக வேண்டும், தலை வாலாக வேண்டும். சரக்கை நகர்த்தக் கூடாது, விலாசங்களை மட்டும் திருப்ப வேண்டும். சிதம்பரத்தில் எம்.ஏ. கணக்குப் படித்த எனக்கு இது விளையாட்டு என்று நினைத்தேன். முதல் கண்ணியின் விலாசத்தை மாற்றினேன். அடுத்ததற்குப் போகப் பார்த்தால், போகும் விலாசம் அழிந்துவிட்டது. மிச்சச் சங்கிலி முழுவதும் மெஷினுக்குள்தான் எங்கேயோ இருந்தது. அதைச் சேர ஒரு வழியும் இல்லை.

எங்கள் பிரிவின் தலைவி மிஸ் ஹார்ட்லி என் தாளில் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"அறுத்துவிட்டுத் தேடுகிறீர்கள். பின்னால் இருப்பவனை முதலில் ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அறுங்கள்."

நான் எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். தவறு கண்டுபிடித்ததில் ரோஷம் என்று அவர் நினைத்திருப்பார்.

3

ஏன் என்று கடலூர் முதுநகர்க்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

கடலூர்த் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். வேர்க்கடலை மூட்டைகளைப் படகுகளில் ஏற்றி, ஒரு படகின் வாலில் அடுத்த படகைக் கயிற்றால் கட்டி, வரிசையாக ஒரு மோட்டார் லாஞ்சு இழுத்துக்கொண்டு போகும். எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு படகு. அதில் ஹமீது அண்ணன் தண்டல். படகை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். சுல்தான் வேறொரு படகில் தண்டல். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்கி வளர்ந்தவர்கள். அக்காவை அவனுக்குக் கொடுக்கச் சொன்னதே அண்ணன்தான்.

அன்று சிதம்பரத்திலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து படகு, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. சுல்தான் மூன்றாவதில், அண்ணன் கடைசியில். திடீரென்று வாடைக்காற்று ஏறியது. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டின்மேல் அலை உடைந்து வெள்ளையாகக் கொதித்தது. லாஞ்சும் முதல் இரண்டு படகும் உள்ளே நுழைந்துவிட்டன. நாலாவது படகு அலையில் பக்கவாட்டாகத் திரும்பியது. அதன் கனம் முழுக்க மூன்றாவது படகின் பின்புறத்தை இழுத்துத் தண்ணீருக்குள் அமுக்கியது. சுல்தான் கைக்கோடாலியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவதைப் பார்த்தேன். ஒரு கணம் நின்றான். பிறகு கயிற்றில் வெட்டினான்.

பின்னால் இருந்த இரண்டு படகும் திட்டில் போய் மோதின. நாலாவது பிளந்தது. அதில் இருந்தவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். அண்ணன் படகு உருண்டது. ஆட்கள் மேலேயே உருண்டது. ஒருமுறை இல்லை, அலைக்கு அலை உருண்டுகொண்டே இருந்தது. அதிலிருந்து ஒருவரும் எழுந்து வரவில்லை. மறுநாள் காலை தேவனாம்பட்டினத்துக் கரையில் அண்ணன் ஒதுங்கினான். முகத்தில் ஒரு பக்கம் இல்லை. இடுப்பு பெல்ட்டை வைத்துத்தான் சொன்னேன்.

4

அடக்கம் முடிந்து கைமண் உதிர்வதற்குள் அத்தா கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னால் நான் ஓடினேன். சுல்தான் வீட்டு வாசலில் அக்கா நின்றாள். ஏழு மாசம்.

"அத்தா, அவரு கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அப்புறம் செய்யுங்க" என்றாள்.

அத்தா அவளைத் தள்ளினார். உரல்மேல் விழுந்தாள். சுல்தான் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எழவும் இல்லை, கையைத் தூக்கவும் இல்லை. முதல் வெட்டு தோளில் இறங்கியது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாவதற்கு ஓங்கியபோது நான் அத்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கீழே விழுந்தேன். சுல்தான் பிழைத்தான். அக்கா வயிற்றில் இருந்தது செத்துப் பிறந்தது.

அத்தா ஜெயிலுக்குப் போனார். அங்கேயே இருமி இருமிச் செத்தார். கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே சுல்தானின் தம்பிகள் சிதம்பரத்துக்கு வந்தார்கள். நான் ரயில்வே கேட் பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

"அடுத்தது நீதானே வருவ? நீ வரத்துக்குள்ள நாங்களே வந்துட்டோம்" என்றான் ஒருவன்.

இரும்புக் கம்பி. முதல் அடி காதில். அப்புறம் விழுந்த அடிகள் சத்தமில்லாமல் விழுந்தன. ஒரு வெற்றிலைக் கடைக்காரர் என் காலைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மா அழவில்லை.

"நீ பழி வாங்கப் போனாலும் செத்த, போகாட்டியும் செத்த. அவுங்க விட மாட்டாங்க. இன்னொரு ஜனாஸா எடுக்க என் வீட்ல ஆம்பள இல்ல. எங்கயாச்சும் போயிடு."

எனக்குப் பாடம் நடத்திய கணக்கு வாத்தியார் இங்கே யாருக்கோ எழுதினார். அந்த மார்ச்சில் கப்பல் ஏறினேன். கைக்குழந்தையோடு என் மனைவி ரஹீமா அடுத்த வருஷம் வந்தாள். அக்கா சுல்தானோடேயே இருந்துவிட்டாள். அவளுக்கு நான் எழுதவில்லை. அவளும் எழுதவில்லை.

5

லிவர்பூல் அலுவலகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. ஒரு தோள் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"சலாம், மச்சான்."

நான் அதிகாரியின் மேஜைக்குப் போனேன். சுல்தான் என்ற பெயரைப் பார்த்துவிட்டு அவர் பாகிஸ்தான் என்று எழுதியிருந்தார். போன செப்டம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு இது இங்கே சாதாரணம். இந்தியா என்று திருத்தச் சொன்னேன். ஒரு நூல் மில்லில் வேலைக்கு அவனிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. ஆனால் தங்க இடம் சொல்லத் தெரியவில்லை, இங்கிலீஷும் இல்லை.

"உங்களுக்கு இவரைத் தெரிந்தால் அனுப்பிவிடுகிறேன். தெரியாது என்றால் இதே கப்பலில் திரும்பிப் போவார். உங்கள் இஷ்டம்" என்றார்.

ஒரு சொல்தான். 'தெரியாது' என்றால் போதும். என் நாக்கில் அது வந்து நின்றது. சுல்தான் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றேன்.

"என்ன உறவு?"

என் அண்ணனைக் கொன்றவன் என்று சொல்ல வாயெடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். "என் அண்ணனை..." என்று இங்கிலீஷில் தடுமாறி நின்றுவிட்டேன். மச்சான் என்பதற்கு இங்கிலீஷில் மூன்று வார்த்தை வேண்டும். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. அதிகாரி தலையாட்டிக்கொண்டே 'அண்ணன்' என்று எழுதிவிட்டார். நான் திருத்தவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். ராணியின் அரசாங்கத்துக் காகிதத்தில் சுல்தான் இப்போது என் அண்ணன்.

வெளியே வந்து சரக்குக் கிட்டங்கிச் சுவர் ஓரமாக நடந்தோம். ஆள் நடமாட்டம் குறைந்த இடம் வந்ததும் திரும்பி அவன் வாயில் குத்தினேன். மறுபடி குத்தினேன். விழுந்தவனை உதைத்தேன். இத்தனை வருஷம் என் உடம்புக்குள் இது இருந்தது எனக்கே தெரியாது. கையில் தோல் உரிந்தது. அவன் முகத்தை மறைக்கக்கூட இல்லை. சுமை தூக்குகிறவன் ஒருவன் தூரத்திலிருந்து அதட்டியதும் நிறுத்தினேன்.

சுல்தான் எழுந்து உட்கார்ந்து ஒரு பல்லைத் துப்பினான்.

"இன்னும் பாக்கி இருந்தா இங்கயே முடிச்சிடு மச்சான். ரயில்ல வேணாம். ஜனங்க இருப்பாங்க."

ரயிலில் எதிரெதிராக உட்கார்ந்தோம். நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"என் படகுல எவனும் ஏற மாட்டேங்கறான். என் பின்னால எவனும் கயிறு கட்ட மாட்டேங்கறான். மூட்ட தூக்கலாம்னா இந்தத் தோள் சொல்றத கேக்கல. ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு."

"என்கிட்ட ஏன் வந்த?"

"ஒங்க அக்காதான் அனுப்பிச்சா. காசிம் கிட்ட போ. வெட்டினான்னா வெட்டட்டும். இல்லன்னா சோறு போடுவான். ரெண்டுல ஒண்ணு நடந்தாவணும், இப்டி நடுவுல கெடக்க முடியாதுன்னா."

6

ரஹீமா கதவைத் திறந்தாள். அவன் உடைந்த வாயையும் என் கையையும் பார்த்தாள். உள்ளே போய் அரிசி களைந்தாள். ஆனால் அவனுக்குப் பரிமாறும்போது முக்காட்டை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். ஹமீது அண்ணன்தான் எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவன்.

என் மகள் சஃபியாவுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் சோஃபி. நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தெருவில் பேசினால் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடிவிடுவாள். சுல்தானைக் காட்டி, "மாமான்னு கூப்பிடு" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே மாமா என்றால் அம்மா. "இவர் மாமா இல்லை, இவருக்கு மீசை இருக்கிறது" என்றாள். அதைச் சுல்தானுக்குச் சொன்னேன். அவனும் சிரித்தான், உதடு வெடித்து ரத்தம் வந்தது.

அடுத்த வாரம் மில்லில் சேர்ந்தான். அங்கேயே நாலைந்து பேரோடு அறை எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். வருவான், சாப்பிடுவான், போவான். அந்த நாளைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்கிடையில் அலுவலகத்தில் ஒரு சண்டை. மிஸ் ஹார்ட்லி சொல்லிக்கொடுத்த முறையில் நான் எழுதிய திருப்பும் கட்டளை நூலகத்தில் சேர்ந்து எல்லாரும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருப்பதை ஒரு கையில், முன்னால் இருந்ததை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நடுவில் இருப்பதன் விலாசத்தை மாற்றி, ஒரு கண்ணி நகர்ந்து, மறுபடி. ஒன்றும் தொலையாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பீட்டர் என்று ஓர் ஆராய்ச்சியாளர். அவரும் இன்னொருவரும் ஒரே சங்கிலியை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். மற்றவர் தலையைப் பிடித்திருந்தார், பீட்டர் நடுவில் ஒரு கண்ணியைப் பிடித்திருந்தார். மற்றவர் என் கட்டளையால் சங்கிலியைத் திருப்பிவிட்டார். பீட்டர் தன் கண்ணியிலிருந்து வழக்கம்போல நடந்தார். வாலுக்குப் போக வேண்டியவர் தலையில் போய் நின்றார். அவர் கணக்கு பூராவும் நாசம். வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இரும்பு பீரோவில் சாத்தினார். சங்கிலிக்காகச் சட்டையைப் பிடிக்கிற ஊர் இது. என் கையும் ஓங்கிவிட்டது. மிஸ் ஹார்ட்லி நடுவில் வந்து நின்றார்.

அன்று சாயங்காலம் முடிவு சொன்னார். நூலகத்தில் இருக்கும் பொதுக் கட்டளை பழைய சங்கிலியைத் தொடக் கூடாது. தலையிலிருந்து நடந்து, பார்க்கும் ஒவ்வொன்றையும் பிரதியெடுத்து, புதிதாக ஒரு சங்கிலியின் முன்னால் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நடந்து முடிக்கும்போது புதியது தலைகீழாக நிற்கும், பழையது அப்படியே இருக்கும். மெஷினில் இடம் ஜாஸ்தி பிடிக்கும், பிடிக்கட்டும். கண்ணிகளையே திருப்பும் என் கட்டளை வேறு பெயரில் எச்சரிக்கையோடு இருக்கலாம்.

"நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. நீங்கள் தலையில் நின்று மட்டும் பார்த்தீர்கள். நடுவிலும் வாலிலும் நிற்கிறவனுக்கு என்ன தெரியும் என்று பார்க்கவில்லை" என்றார்.

அவர் கணக்கைத்தான் சொன்னார். ஆனால் பஸ்ஸில் வரும்போது கடலூர் முகத்துவாரம் என் கண்முன் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அந்த வரிசையை நான் ஒரே பக்கமாகத்தான் பார்த்து வந்திருக்கிறேன். லாஞ்சு, முதல் படகு, இரண்டாவது, சுல்தான், கோடாலி, அதற்குப் பின்னால் உருளும் படகு. ஒருநாளும் கடைசிப் படகில் அண்ணன் பக்கத்தில் நின்று முன்னால் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? நாலாவது படகு குறுக்கே கிடப்பது. அதற்கப்பால் தண்ணீருக்குள் அமுங்கும் சுல்தான் படகு. அதில் இருக்கும் ஆட்கள். கோடாலியைத் தூக்கிக்கொண்டு ஒரு கணம் நிற்கும் தன் தங்கை புருஷன்.

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்திருந்தோம். சஃபியா தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். ரஹீமா டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெட்டறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் நின்ன. நான் கரையிலேந்து பாத்தேன்" என்றேன்.

சுல்தான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நின்னேன்."

"ஏன்?"

"ஹமீதப் பாத்தேன்."

ரஹீமா அடுப்பை அணைத்தாள்.

"என் படகுல ஆறு பேரு. பாதி தண்ணி உள்ள வந்துடுச்சி. வெட்டலன்னா நாங்க முழுகறோம், எங்களோட அவுங்களும் முழுகுவாங்க. அது தெரியும். ஆனா அவன் இருக்கான் பின்னால. அவன் சொல்லட்டும்னு பாத்தேன். கத்தினேன். காத்துல ஒண்ணும் கேக்கல. அவன் முன்பக்கம் ஏறி நின்னான். என்ன நேராப் பாத்தான். கையத் தூக்கி ஆட்டினான்."

"வெட்டுன்னு ஆட்டினானா?"

"அதான் மச்சான். வெட்டுன்னு ஆட்டினானா, வேணாம்னு ஆட்டினானா. அப்ப வெட்டுன்னுதான்னு நெனச்சி வெட்டிட்டேன். ஒங்க அத்தா வந்தப்ப அதச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி. வேணாம்னு சொல்லியிருந்தான்னா? செத்தவன் மேல பொய் சொன்னதாயிடுமே. அதான் சும்மா உக்காந்துட்டேன். ஒங்க அக்காவுக்கு மட்டும் தெரியும்."

 நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"எப்டி ஆட்டினான்? காட்டு."

அவன் எழுந்து சமையலறை நடுவில் நின்றான். இறங்கிய தோளைக் கஷ்டப்பட்டு உயர்த்திக் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் ஆட்டினான்.

இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். காட்டினான்.

எனக்கும் தெரியவில்லை.